எங்களோடு வந்தவன்

மகன்,

போன கிழமை மதுரங்குளியில் ஒரு கலியாண வீட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் பக்கத்தில் சஹன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து அதே தட்டில் சாப்பிடுவது நம் ஊர் வழக்கம். நீ என் மடியில் இருந்தாய். உனக்கு இப்போது நாலு வயது. உன் கை தட்டுக்குள் போனதும் எதிரே இருந்த ஒருத்தி தன் கையை மெல்ல இழுத்துத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளிடம் குரலைத் தாழ்த்தி, ஆனால் எனக்குக் கேட்கும் அளவுக்கு, "இந்தப் புள்ளையாலதானாம் தகப்பன் கட்டார்லயே நிக்கிறான்" என்றாள். "சும்மா இரி, தாய்க்குக் கேக்கும்" என்றாள் மற்றவள். "கேட்டா என்ன? அவ வாய் தொறக்க மாட்டா. கெம்பஸ் படிச்ச ஊமை."

அவள் சொன்னது சரிதான். நான் வாய் திறக்கவில்லை. வட்டிலப்ப இனிப்பை உன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். சபையில் எனக்குப் பேச வராது. வகுப்பில் மட்டும் எப்படியோ பேசிவிடுவேன், அங்கே கரும்பலகை இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒவ்வொன்றாக வந்தது. அந்தப் பதில் அவளுக்கு உரியதல்ல, உனக்கு உரியது என்பது அதற்கும் பிறகுதான் விளங்கியது. நீ வளர்ந்து ஒரு ஆம்பிளையாகி நிற்கும்போது இதே கதை வேறு யாருடைய வாயிலிருந்தாவது உன் காதில் விழும். அதற்கு முன்னால் என் எழுத்து உன் கையில் இருக்கட்டும். நீ இதை வாசிப்பாயா என்று எனக்குத் தெரியாது. உன்னைப் போன்ற பிள்ளைகள் சிலர் நன்றாகவே வாசிக்கிறார்கள் என்று வைத்தியர் சொன்னார். உனக்கு அது வராமல் போனால் பக்கத்தில் இருப்பவர் யாராவது வாசித்துக் காட்டட்டும், வாசிக்கிறவரும் தெரிந்துகொள்ளட்டும். அந்தச் சஹனில் இருந்தவர்கள் வாசித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் வாப்பா வராமல் இருப்பதற்கு நீ காரணமில்லை. அவர் கேட்ட ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் காரணம். அந்தப் பதில் உனக்கு விளங்க வேண்டுமென்றால் வெங்காயத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

என் உம்மா மன்னார்த் தீவில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஆயுத இயக்கம் வடக்கு முஸ்லிம்களான எங்கள் ஆட்களை எல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது மழைக்குள் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அப்போது நான் உம்மாவின் வயிற்றில். முகாம் கொட்டிலில்தான் பிறந்தேன். என் வாப்பா சீக்கிரமே மவுத்தாகிவிட்டதால், நுரைச்சோலைப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போய்த்தான் உம்மா என்னை வளர்த்தார். இந்த மணலில் சின்ன வெங்காயம் நன்றாக வரும். நடுவது, புல்லுப் பிடுங்குவது, கிளப்புவது, தாளையும் வேரையும் அரிந்து முதலாளிக்குக் கொடுப்பது என்று வருசம் முழுக்க வேலை. உம்மாவின் விரல்களில் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத ஒரு வாடை இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் புத்தகங்களிலும் அதே வாடை. பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். அதனால்தான் நான் கடைசி வாங்குப் பலகையில் இருக்கப் பழகினேன், கடைசி வாங்கில் இருந்து இருந்து பேசாமல் இருக்கவும் பழகினேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனது நான். அங்கேயும் யாரோடும் அதிகம் கதைத்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் விடுதி அறை காலியாகிவிடும், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்குப் பயணம் தூரம் என்று மற்றவர்களுக்குச் சொல்வேன். உண்மை என்னவென்றால், நான் போனால் உம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வீட்டில் நிற்பார். முதல் வருசம் உயிரியல் ஆய்வுகூடத்தில் கலப்பிரிவு பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் மேசை மேசையாய் வெங்காயம்! நீர் நிறைந்த போத்தல் வாயில் உட்கார வைத்து வேர் விடச் செய்த வெங்காயம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. பக்கத்தில் நின்ற சிங்களப் பிள்ளை வெங்காயத்தால்தான் கண் எரிகிறது என்று நினைத்துத் தன் கைலேஞ்சியைத் தந்தாள்.

வேரின் நுனியைத் துளி அளவு வெட்டி, சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே நசுக்கி நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தோம். வேர் நுனிதான் வளர்கிற இடம், அதனால் அங்கே கலங்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும். கலம் என்பது உயிரின் மிகச் சிறிய அறை என்று வைத்துக்கொள். வெங்காயமும் கலங்களால் ஆனது, நீயும் கலங்களால் ஆனவன். ஒவ்வொரு அறைக்குள்ளும் நீளமான நூல்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் டீ.என்.ஏ என்கிறோம். இரண்டு புரி முறுக்கிய தும்புக் கயிறு போன்றது அது. அந்த உடம்பு எப்படி அமைய வேண்டும், எப்படி வேலை செய்ய வேண்டும் என்பது எல்லாம் அந்தக் கயிற்றில்தான் எழுதியிருக்கிறது. எழுத நாலே நாலு எழுத்துகள். ஒரு புரியில் உள்ள எழுத்துக்கு எதிரே மற்றப் புரியில் எந்த எழுத்து நிற்கும் என்பது மாறாத விதி. ஆகையால் ஒரு புரியைப் பார்த்தாலே மற்றதை எழுதிவிடலாம்.

கலம் பிரிவதற்கு முன் அந்தக் கயிறு முறுக்கு அவிழ்கிறது. தனித்து நிற்கும் ஒவ்வொரு புரிக்கும் எதிரே புதிய புரி ஒன்று எழுத்தெழுத்தாகச் சேர்ந்து வளர்கிறது. முடியும்போது ஒரு கயிறு இரண்டு கயிறாகியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு புரி பழையது, ஒரு புரி புதியது. இடையில் பிழையான எழுத்து வந்து உட்கார்ந்தால் அதைப் பிடுங்கிவிட்டுச் சரியானதை வைக்கவும் அங்கே ஏற்பாடு உண்டு. பிறகு நூல்கள் சுருண்டு தடித்து, நுணுக்குக்காட்டியில் தெரியும் அளவுக்குக் கட்டை கட்டையாகின்றன. அவற்றுக்கு நிறமூர்த்தம் என்று பெயர். அவை கலத்தின் நடுவில் வரிசையாக வந்து நிற்க, இரண்டு முனையிலிருந்தும் மெல்லிய நார்கள் வந்து பிடித்து, பிரதிகளைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொள்கின்றன. நடுவே சுவர் எழும்புகிறது. ஒன்று இரண்டாகிவிட்டது.

அன்றைக்கு அந்தச் சிவப்பு நூல்களைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கலம் எதையும் பிரிப்பதற்கு முன்னால் முழுவதையும் இன்னொன்று எடுத்துவைத்துக்கொள்கிறது. பாதியோடு யாரையும் வெளியே அனுப்புவதில்லை. எங்கள் ஆட்கள் பிரிந்த விதம் அப்படியில்லையே என்று நினைத்தேன். உம்மாவின் கலியாணப் படம் மன்னாரில் போய்விட்டது. என் வாப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், "உன்ட முகம்தான்" என்பார். எனக்கு அது போதவே போதாது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இருக்கவில்லை.

படித்து முடித்து, நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கப் போனேன். முதல் தவணையில் அதே பாடம். குசினி யன்னல் ஓரம் ஜாம் போத்தல்களில் வெங்காயம் வைத்தேன். நாலைந்து நாளில் வெள்ளை நூலாய் வேர் இறங்கியது. பரிசோதனை நாள் காலையில் சுபஹு தொழுதுவிட்டுப் போய்ப் பார்த்தால் போத்தல்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கின்றன. வெங்காயங்கள் வேர் நீங்கி, தாள் நீங்கி, பளபளவென்று கூடைக்குள் கிடக்கின்றன.

"என்ன உம்மா செஞ்சிட்டீங்க?"

"பின்ன? தண்ணிக்குள்ள அழுக வெச்சிரிக்கிறா. வேரோட குடுத்தா ஆரு எடுப்பாங்க?"

"அந்த வேர்தான் உம்மா எனக்கு வேணும்."

"வெங்காயம் வேணாமா?"

"வேணாம்."

"வேர் மட்டும்?"

"வேர்ட நுனி மட்டும்."

உம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "இதுக்கா புள்ள அரசாங்கம் சம்பளம் தருது?" வாழ்நாள் முழுக்க அரிந்து வீசிய வேர் அது. அதைத் தேடி மகள் பல்கலைக்கழகம் வரை போய்வந்திருக்கிறாள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. அன்றைய பாடத்தைப் படம் கீறித்தான் முடித்தேன்.

உன் வாப்பாவின் ஊர் கனமூலை. அவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள், காணியும் கடையும் உள்ளவர்கள். நாங்கள் எத்தனை வருசமானாலும் 'அகதி ஆட்கள்'. அப்படியிருந்தும் அவர் என்னைக் கேட்டு வந்தார். நம் வழக்கப்படி கலியாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவரைப் பற்றிக் கெட்டதாக எதையும் நீ நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். பின்னேரம் நான் வந்து பையை வைத்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "டீச்சர், இண்டைக்கு என்ன பாடம்?" என்று கேட்பார். முதல் நாள் பகிடி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். பகிடி இல்லை. இலை ஏன் பச்சை, இரத்தம் ஏன் உறைகிறது எல்லாம் கேட்டார். எனக்குத் தெரிந்ததை ஒருவர் வீட்டில் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மணிக்கணக்காகப் பேசுகிறவள் என்பது அந்த நாட்களில்தான் எனக்கே தெரியவந்தது. நீ வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது அவர் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போனார். அங்கிருந்தும் தொலைபேசியில் அதே கேள்விதான்.

நீ புத்தளத்தில் பிறந்தாய். தாதி உன்னைத் துடைத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். உன் கண்களின் சரிவையும், உன் உள்ளங்கையில் குறுக்கே ஓடிய ஒற்றைக் கோட்டையும் பார்த்தேன். வைத்தியர் வந்து சிங்களத்தில் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் படிப்பிக்கிற பாடத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது அது. மனிதருக்கு நிறமூர்த்தம் இருபத்துமூன்று சோடி. சிலருக்கு, இருப்பதிலேயே சிறியதான ஒன்று, இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிடும். படிப்பு பிந்தும், பேச்சு பிந்தும், இருதயத்தைப் பார்க்க வேண்டும். கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதிய வரிகள் அவை. அந்த வார்ட்டில் அத்தனை பேருக்கு நடுவில் அந்த வரிகளைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதைப் போல ஒரு தனிமை அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. உம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "மூக்கு மட்டும் கொஞ்சம் சப்பை, எண்ணெ தேச்சு உருவி விட்டாச் சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓம் என்றேன்.

மெல்ல மெல்ல எல்லோருக்கும் தெரியவந்தது. உன் மாமி, வாப்பா ராத்தா என்று கூப்பிடும் அவருடைய அக்கா, கனமூலையிலிருந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார். "எங்கட பக்கத்துல இப்பிடி ஒண்டு இல்ல. ஏழு தலைமொறைக்கு நான் சொல்லுவன்." உம்மா, "எங்கட பக்கத்துலயும் இல்ல" என்றார். "ஒங்கட பக்கம் ஆருக்குத் தெரியும்? எங்கால வந்தீங்க, என்னத்தக் கொண்டு வந்தீங்க எண்டு ஆரு கண்டா?" உம்மா குசினிக்குள் போய்விட்டார். மாமியை நீ வெறுக்காதே. அவருக்குக் கட்டிக் கொடுக்காத குமர்ப் பிள்ளைகள் மூன்று பேர். அவர்கள் இரத்தத்தில் வந்தது என்று ஒரு சொல் வெளியே போனால் அந்த மூன்று பேரையும் கேட்டு யாரும் வரமாட்டார்கள். பயந்த மனுசிக்குச் சத்தம் கூடத்தான் செய்யும்.

கொழும்புக் கிளினிக்கில் உன் இரத்தத்தை எடுத்து நிறமூர்த்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இது இரண்டு விதமாக வரலாம். மூன்றாவது நிறமூர்த்தம் தனியாக நின்றால் அது பிரிவின்போது நேர்ந்த ஒரு தடுமாற்றம். வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு நின்றால் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ பரம்பரையாக வந்திருக்கக் கூடும். இதை நான்தான் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினேன். அதையே மாமி பிடித்துக்கொண்டார். பரிசோதனை முடிவு வரட்டும், யார் பக்கம் என்று தெரியட்டும், அதன் பிறகு தம்பி வந்தால் போதும் என்றார். என் பக்கம் என்று வந்தால் தம்பிக்கு வேறு இடம் பார்ப்பது என்ற கதையும் அவர் வீட்டிலிருந்து காற்றோடு வந்து சேர்ந்தது. உன் வாப்பா இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ரிப்போர்ட் வந்தோடன சொல்லு, டிக்கட் போடுறன்" என்று மட்டும் சொன்னார். அவர் உன்னை நேரில் கண்டதில்லை. படம் அனுப்பினால் பார்த்தேன் என்பார். வேறெதுவும் சொல்லமாட்டார். ஆகவே அந்த ஒரு காகிதத்தில் நம் வீடு தொங்கிக்கொண்டிருந்தது.

முடிவு வந்தது. மூன்றாவது தனியாகத்தான் நின்றது. பரம்பரை இல்லை, யார் பக்கமும் இல்லை என்று வைத்தியர் சொன்னார். கிளினிக் வாசலில் நின்றபடியே உன் வாப்பாவுக்கு அழைத்துச் சொன்னேன். அவர் மூச்சை விட்ட சத்தம் எனக்கு இங்கே கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ். இனி ராத்தாட வாய மூடலாம்" என்றார். சிரித்தார். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவர் சிரித்ததைக் கேட்டேன். சிரித்த கையோடு, பழைய வழக்கத்தில், கேட்டார்: "அப்ப டீச்சர், ஆரிட பக்கமும் இல்லாட்டி இது எங்கால வந்தது?"

மகன், அந்த இடத்தில் "அல்லாஹ் தந்தது" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அவர் டீச்சர் என்று கேட்டார். நான் அவருக்கு எப்போதும் போலப் பாடத்தைச் சொன்னேன். ஒரு பெண் பிள்ளை தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைக் கலங்கள் உண்டாகிவிடுகின்றன. அவை அங்கேயே தம் நூல்களைப் பிரதியெடுத்து, சோடி சோடியாக அணைத்துக்கொண்டு, பிரியப்போகிற தறுவாயில் அப்படியே நின்றுவிடும். அவள் பிறந்து, வளர்ந்து, பெரியவளாகி, எந்த மாதம் எந்த முட்டைக்கு முறை வருகிறதோ அந்த மாதம்தான் அது விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அவ்வளவு காலம் கட்டிப்பிடித்து நின்ற சோடிகளில் ஒன்று சிலவேளை கையை விடாது. இரண்டும் ஒரே பக்கம் போய்விடும். இந்த மூன்றாவது பெரும்பாலும் வருவது அப்படித்தான். ஆகவே நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் என் முட்டையில்தான் நேர்ந்திருக்கும். யாரும் எதையும் செய்து வந்ததில்லை, தடுத்திருக்கவும் முடியாது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்ப உன்னாலதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவர் சொல்வதைப் போல இருந்தது. "இத நீ சொல்லாம இரிந்திரிக்கலாம்."

டிக்கட் போடவில்லை. செலவுக்கு அனுப்புவார், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அழைப்பார், மழையா வெயிலா என்று கேட்பார். அந்த நாளிலிருந்து என்ன பாடம் என்று கேட்பதில்லை. மூன்று வருசம் ஆகப்போகிறது. வேறு இடம் பார்த்ததாகவும் கதை இல்லை. கடலைப் போல அப்படியே கிடக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்ததும் உம்மா என்னை ஏசினார். "நாலெழுத்துப் படிச்ச நீ, இல்ல, ஆர்ட பக்கமும் இல்ல எண்டு சொல்லிட்டு விட்டிருக்கலாமே! புருசனுக்கா பாடம் எடுக்கிற?" ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. உம்மாவுக்கு விளங்கப்படுத்தும்போதுதான் தெரிந்தது. யார் பக்கமும் இல்லை என்று விட்டால் உனக்கு ஒரு பக்கமும் இல்லாமல் போகிறது. எங்கால வந்தீர்கள், எங்கால வந்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு எங்களை இந்த மண் இவ்வளவு காலம் வைத்திருந்தது. என் பிள்ளையையும் எங்கிருந்தோ வந்தவன் என்று சொல்லவிட எனக்கு மனம் வரவில்லை. வெங்காய வேரை அரிந்து வீசிய உம்மாவுக்கு, பிரதியெடுப்பது, பிரிவது, காத்திருப்பது எல்லாம் சொன்னேன். "நீங்க வள்ளத்துல வரக்குள்ள நான் ஒங்கட வயித்துல எத்தின மாசம்?" என்று கேட்டேன்.

"ஆறு முடிஞ்சிரிந்திச்சு. எனக்கு ஓங்காளம், மழை வேற. ஏன்?"

"அப்ப இவனுக்குரிய முட்டையும் எனக்குள்ள வந்திட்டு. நூலெல்லாம் எழுதி முடிச்சு, அப்பிடியே காத்துக்கொண்டு இரிந்திரிக்கி."

உம்மா நீ தூங்கிய பாயைப் பார்த்தார். நான் சொன்னதில் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கொஞ்ச நேரம் உதடுகள் அசைந்தன. வள்ளத்தில் வந்தவர்களின் பெயர்களை எண்ணுகிறார் என்று கண்டுகொண்டேன். "அப்ப இவனும் எங்களோடதான் வந்தவன்" என்றார். பிறகு, "ஊர் விதானையார் மட்டும் நிவாரண அட்டையில இவன்ட பேரைப் போடாம விட்டுட்டாரு. அத்தின வருசத்து அரிசி, பருப்பு, சீனி!" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றோர் புத்தி சொல்வார்கள். என்னிடம் பெரிய புத்தி ஒன்றும் இல்லை. பாடம்தான் இருக்கிறது. நீ ஒரே ஒரு கலமாகத் தொடங்கினாய். அது தன் நூல்களைப் பிரதியெடுத்து இரண்டாகி, நாலாகி, எண்ண முடியாத அளவாகித்தான் இப்போது நீ இந்த வீட்டில் ஓடித்திரிகிறாய். ஒவ்வொரு தடவை பிரியும்போதும் அந்த மூன்றாவதையும் மற்றவற்றைப் போலவே எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் பிரதியெடுத்தது உன் உடம்பு. இது கூடுதல், இதை விட்டுவிடுவோம் என்று ஒதுக்கி வைக்கவில்லை. உன் காயம் ஆறும்போதும், உன் நகம் வளரும்போதும் அந்த வேலை அதே கவனத்தோடு நடக்கிறது. ஊர் உன்னைப் பிழை என்று சொல்லலாம். உன் சொந்த உடம்பு ஒரு நாளும் உன்னை அப்படிச் சொன்னதில்லை. இதை யாராவது உனக்கு வாசித்துக் காட்டினால், இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்.

நான் சொன்ன பதிலுக்கு நீ விலை கொடுத்தாய், அது எனக்குத் தெரியும். வாப்பாவின் தோளில் ஏறிக் கடற்கரைக்குப் போகும் பிள்ளைகளை நீ பார்த்துக்கொண்டு நிற்கிறாய். மாலையில் காற்றாடிக் கோபுரங்கள் சுழல்வதை உனக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், நீ கையைச் சுழற்றுகிறாய், எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை அவர் திரும்பவும் கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வேன். பொய்யின் மேல் ஏறி அவர் வந்திருந்தால் ஒவ்வொரு நாளும் உன் முகத்தில் அதை மறைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். உன் முகத்தில் எதையும் மறைக்க முடியாது, நீயே அறிவாய்.

நேற்று வெள்ளிக்கிழமை. அழைத்தார். மழையா என்று கேட்டார், இல்லை என்றேன். கரண்ட் இருக்கிறதா என்றார், இருக்கிறது என்றேன். பிறகு வழக்கம்போலச் சரி வைக்கிறேன் என்று சொல்லவில்லை. பின்னால் வாகனங்கள் போகும் சத்தம் கேட்டது.

"அவன்ட கால் அளவு என்ன?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "ஆர்ட?"

"அவன்ட. சப்பாத்துக் கடைக்கு முன்னால நிக்கிறன்."

"நம்பர் தெரியாதே."

"அப்ப ஒரு கடதாசியில கால வெச்சுக் கோடு கீறி, படம் எடுத்து அனுப்பு."

வெளிநாட்டில் இருக்கிற ஆம்பிளைகள் எல்லோரும் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்குவது அப்படித்தான். நம் தெருவில் எத்தனையோ வீட்டில் அந்தக் கால் படங்கள் போயிருக்கின்றன. நம் வீட்டிலிருந்து போனதில்லை. உம்மாவைக் கூப்பிட்டேன். அவர் உன் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, உன் வலது காலைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறத் தொடங்கினேன். உனக்குக் கூச்சம் தாங்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாய். "ஆடாம நில்லுடா, ஒன்ட வாப்பாக்கு ரெண்டு குதிகால் போய்ச் சேரப்போகுது" என்று உம்மா அதட்டினார்.

உன் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு அகன்ற இடைவெளி இருக்கிறது. உன்னைப் போன்ற பிள்ளைகளின் கால்களில் அது இருக்கும். பொதுவாகக் கால் கீறும்போது விரல்களுக்குள் யாரும் போவதில்லை, வெளியே சுற்றி ஒரு கோடு போதும். அளவுக்கு அது காணும். என் பென்சில் பெருவிரலடியில் வந்து நின்றது. உன்னைப் பற்றி இத்தனை வருசத்தில் அவரிடமிருந்து வந்த முதல் கேள்வி இது. இதையும் கெடுத்துவிடாதே என்று ஒரு மனம் சொன்னது. நான் பென்சிலை இடைவெளிக்குள் இறக்கி, அடி வரைக்கும் கொண்டுபோய், மற்றப் பக்கத்தால் ஏற்றினேன். உன் கால் எப்படியோ அப்படியே படத்தில் விழுந்தது. படம் எடுத்து அனுப்பினேன்.

அவர் பார்த்துவிட்டார் என்று தொலைபேசி காட்டியது. பதில் இல்லை. பின்னேரம் முழுக்க இல்லை. இரவும் இல்லை. இன்று காலை நீ தூங்கிக்கொண்டிருக்கும்போது இதை எழுத உட்கார்ந்தேன். இந்த இடம் வரைக்கும் எழுதி வரும்போது தொலைபேசி ஒளிர்ந்தது. ஒரு வரிதான்.

"மத்தக் காலையும் இதே மாதிரிக் கீறி அனுப்பு."

இந்த இடத்தில் நிறுத்துகிறேன், மகன். நீ எழும்பிவிட்டாய். உன் இடது கால் எனக்கு வேண்டும்.

உன் உம்மா